பரணில் கிடக்கும் மடிக்கணினி மறுபடி ஓடுமா?

பெங்களூரில் நம்மவர்கள் குடியிருக்கும் எந்தப் பகுதிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஸ்ரீராமபுரமாக இருக்கட்டும், அல்சூராக இருக்கட்டும், பீன்யாவை அடுத்த வாடகை வீடுகளாக இருக்கட்டும். பரண் மேல், பித்தளை அண்டாவுக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பெட்டிக்கும் நடுவில், பழைய துண்டில் சுற்றிய மடிக்கணினி ஒன்று கிடக்கும். பல வீடுகளில் அது தமிழக அரசு கொடுத்த கணினி. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்டது. அன்று அதைக் கையில் வாங்கிய திருப்பத்தூர்ப் பையனும் கிருஷ்ணகிரிப் பெண்ணும் இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணமாகி, குழந்தையும் பள்ளிக்கூடம் போகிறது. கணினி மட்டும் பரண் ஏறிவிட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொத்தானை அமுக்கிவிட்டு, காப்பி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரை தெளிகிறது. அதன் பிறகும் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சுட்டி நகர மறுக்கிறது. வங்கியின் பக்கமோ, 'உங்கள் உலாவி பழையது' என்று கதவைச் சாத்துகிறது. இதில் கணினியின் குற்றம் குறைவு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரியிலும், விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முற்றுப்புள்ளி விழுந்தது. கூகுளின் குரோம் உலாவியும் 2023 தொடக்கத்தோடு விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் கைவிட்டது. சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அது குறைந்தது 4 ஜிபி ரேம் கேட்கிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. முதல் ஆண்டுகளில் கொடுத்த அரசு மடிக்கணினிகளில் இருந்ததோ 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

கடைக்குக் கொண்டுபோனால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இது வேஸ்ட்டுண்ணா, எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுங்க." புதுசு என்றால் சாதாரண குமாஸ்தாவுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். 2025-இன் கடைசியிலிருந்து உலகெங்கும் மெமரி சில்லுகளின் விலை வேறு ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பிரம்மாண்டக் கணினிக் கூடங்கள் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதே அதற்குக் காரணம். இந்த நிலையில், பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் பரணில் கிடப்பதையே எடுத்து ஓட்ட முடியுமா என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. முடியும். அதற்கு விலை இல்லாத லினக்ஸ் இருக்கிறது. ஆனால் "எந்த லினக்ஸ் நல்லது?" என்று எடுத்த எடுப்பில் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். இயந்திரத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துத் தேர்வதுதான் கோளாறு.

ஓசூர் சேஸிஸ், கரூர்க் கூண்டு

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல ஒரு கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். அவர் மேஜையில் இருந்த 386 கணினியின் ரேம் 4 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு கல்யாணப் போட்டோவே அந்த அளவுக்கு இருக்கிறது!

லினக்ஸில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஓசூரில் அசோக் லேலண்ட் சேஸிஸ் தயாராகிறது. கரூரில் அதன் மேல் பஸ்ஸின் கூண்டு கட்டுகிறார்கள். ஒரே சேஸிஸில் டவுன் பஸ்ஸும் கட்டலாம், படுக்கை வசதியோடு சொகுசுப் பஸ்ஸும் கட்டலாம். லினக்ஸ் என்பது சேஸிஸ். உபுண்டு, மின்ட், எம்.எக்ஸ்., ஆன்டிஎக்ஸ் என்பவையெல்லாம் கூண்டு கட்டும் பட்டறைகள். திரையில் நாம் பார்க்கும் பட்டியும் சாளரமும் அடங்கிய பகுதியை 'டெஸ்க்டாப்' என்கிறோம்; கூண்டின் கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. க்னோம் என்ற டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபி ரேமைத் தாண்டிப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. இரண்டும் நடுத்தரம், பட்டறையைப் பொறுத்து அரை ஜிபியிலிருந்து முக்கால் ஜிபி வரை. ஐஸ்.டபிள்யூ.எம்., ஃப்ளக்ஸ்பாக்ஸ் போன்றவை எலும்பும் தோலுமானவை. இவற்றைக் கொண்டு கட்டிய முறைகள் கால் ஜிபிக்குள்ளும் அடங்கிவிடும்.

ஆகவே, பழைய இன்ஜினுக்குச் சொகுசுக் கூண்டு கட்டினால் மலை ஏறாது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் இதைத்தான் செய்தார். அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று, தமது 2 ஜிபி மடிக்கணினியில் உபுண்டுவின் முதன்மைப் பதிப்பை ஏற்றினார். அது 4 ஜிபியாவது கேட்கும் ஆசாமி. விண்டோஸ் பத்து நிமிடம் எடுத்ததென்றால் இது எட்டு நிமிடம் எடுத்தது. "லினக்ஸும் சும்மா பேச்சுதான்" என்று சொல்லி மறுபடியும் பரணில் ஏற்றிவிட்டார். ஏழாவது படிக்கும் அவர் மகள் மீண்டும் அப்பாவின் செல்போனுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். அவர் கதை அதோடு முடியவில்லை, பிறகு சொல்கிறேன்.

குறைந்த மெமரியில் லினக்ஸை ஓட்டுவது பெங்களூருக்குப் புதிதும் அல்ல. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். ஏழை மக்களுக்கான கணினி என்று அன்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதற்குள் இருந்தது லினக்ஸ்தான். ரேமோ 64 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 2004-இல் அதன் ஒரு வகை 'அமிதா' என்ற பெயரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக விற்பனைக்கு வந்தது. வியாபாரத்தில் அது எடுபடவில்லை என்பது வேறு கதை. பன்னர்கட்டா சாலையை ஒட்டிய குறப்பனபாளையா குடிசைப் பகுதியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். அங்கு குழந்தைகள் 'கிம்ப்' என்ற கட்டற்ற மென்பொருளில் படம் வரையக் கற்றதும் இந்த லினக்ஸில்தான்.

முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்

பார்க்க வேண்டியவை இரண்டு: ரேம் எவ்வளவு? செயலி 32-பிட்டா, 64-பிட்டா?

ரேமைக் கண்டுபிடிப்பது எளிது. 'மை கம்ப்யூட்டர்' படத்தின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தால் எழுதியிருக்கும். இரண்டாவதில்தான் ஒரு பொறி இருக்கிறது. அதே இடத்தில் '32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, தம் கணினியே 32-பிட் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது விண்டோஸைப் பற்றிய குறிப்பு. விண்டோஸ் 7-இன் 'ஸ்டார்ட்டர்' பதிப்பு 32-பிட்டாக மட்டுமே வந்தது. அதனால் 64-பிட் செயலியின் மேலும் 32-பிட் விண்டோஸ் உட்கார்ந்திருக்கும். 2011-க்குப் பிறகு வந்த இன்டெல் பென்டியம் மடிக்கணினிகள் 64-பிட்தான். ஐயம் இருந்தால், லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது 'டெர்மினல்' என்ற கருப்புத் திரையைத் திறந்து, எல், எஸ், சி, பி, யூ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்தடித்து என்டர் கொடுங்கள். இரண்டு எண்களும் வந்தால் செயலி 64-பிட்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 32-பிட்டுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. குரோம் உலாவி 32-பிட் லினக்ஸை 2016-லேயே விட்டது. பல லினக்ஸ்களுக்குத் தாய்வீடான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் கணினியில் நிறுவும் வசதியை நீக்கிவிட்டது. பயர்பாக்ஸும் 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் லினக்ஸுக்கு வருவதில்லை. செயலி நிஜமாகவே 32-பிட்டாக இருந்தால், டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்ற சில முந்தைய பதிப்புகளே கதி. அதில் கடிதம் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். பணப் பரிவர்த்தனைக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம். அப்படிப்பட்ட கணினிக்குக் காசு செலவழிப்பதும் வீண்.

2 ஜிபிக்கு எது?

4 ஜிபி இருப்பவர்களுக்குச் சிரமமே இல்லை. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் 7 பழகியவருக்கு அந்நியமாகவே தோன்றாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. மின்ட்காரர்கள் 2 ஜிபியே போதும் என்றும், வசதியாக ஓட 4 ஜிபி வேண்டும் என்றும் சொல்கிறார்கள். முன்னதை நம்ப வேண்டாம், பின்னதை நம்புங்கள்.

நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டிருப்பது 2 ஜிபியில். இங்கே மூன்று பெயர்கள் போட்டியிடுகின்றன. உபுண்டு குடும்பத்தின் மெலிந்த பிள்ளை லுபுண்டு; 2018-லிருந்து எல்.எக்ஸ்.க்யூ.டி. டெஸ்க்டாப்போடு வருகிறது. எம்.எக்ஸ். லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது, எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பும், அதைவிட இலேசான ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பும் உண்டு. மூன்றாவது, அதன் நெருங்கிய உறவினரான ஆன்டிஎக்ஸ். கிரீஸ் நாட்டில் பிறந்த இதில் முழு டெஸ்க்டாப் என்று எதுவும் கிடையாது, ஐஸ்.டபிள்யூ.எம். போன்றவைதான். அதனால் மூன்றிலும் மிக இலேசானது இது.

என் கருத்தைக் கேட்டால், 2 ஜிபிக்கு எம்.எக்ஸ். லினக்ஸை முதலில் சோதியுங்கள் என்பேன். ஆன்டிஎக்ஸ் வேகம்தான்; ஆனால் வை-பை இணைப்பைத் தேடுவதிலிருந்து ஒலி அளவைக் கூட்டுவது வரை எல்லாம் புது இடத்தில் இருக்கும். வீட்டில் ஒருவர் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாலும் மற்றவர்கள் தொட மாட்டார்கள். எம்.எக்ஸ். பழகிய முகம், வை-பை, பின்பிரதி, தேவையற்ற கோப்புகளைத் துடைப்பது என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கருவிகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அது திணறினால் ஆன்டிஎக்ஸுக்கு இறங்கிக்கொள்ளலாம்.

1 ஜிபி கணினி என்றால் யோசிக்க இடமில்லை, ஆன்டிஎக்ஸ்தான். அதற்கும் கீழே 512 மெகாபைட் என்றால் பப்பி லினக்ஸ். 2003-இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் தொடங்கிய இந்த 'நாய்க்குட்டி' முழுவதும் ரேமில் ஏறி ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போன மடிக்கணினியைக்கூடப் பென் டிரைவைச் செருகி இதில் ஓட்டலாம். ஆனால் வழக்கமான பப்பியில் உட்காருபவர் எல்லோரும் முழு அதிகாரம் படைத்த நிர்வாகியாகவே உட்காருகிறார். ஆபீஸ் சாவிக்கொத்தை வாசலில் தொங்கவிடுவது போன்றது இது. வங்கி வேலைக்கு ஒத்துவராது.

அரசு மடிக்கணினியை வாங்கியவர்களுக்கு 'பாஸ்' என்ற பெயர் நினைவிருக்கலாம். விண்டோஸோடு இன்னொரு பக்கம் அந்த லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. இந்திய மொழிகளுக்கு நல்ல இடம் கொடுத்த முயற்சி. எனினும் அது முழு அலங்காரத்தோடு வருவது. 2 ஜிபியில் மூச்சு வாங்கும்.

ரேமைத் தின்பது யார்?

இத்தனை பெயர்களைச் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எந்த லினக்ஸைப் போட்டாலும் மிச்சம் பிடிப்பது அரை ஜிபி, முக்கால் ஜிபி. உலாவி அதை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். யூடியூப் ஒரு பக்கம், வாட்ஸ்ஆப் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று என்று திறந்து வைத்தால் 2 ஜிபி காலி.

ரேம் என்பது குமாஸ்தாவின் மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது ரெக்கார்டு ரூம். மேஜை நிறைந்ததும் பாதிக் கோப்புகளை ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்; மானேஜர் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து வருகிறார். நாள் முழுவதும் நடையாகவே போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்குவதும் சுட்டி உறைவதும் இந்த நடையால்தான். இதற்கு 'இசட்-ரேம்' என்ற வழி லினக்ஸில் இருக்கிறது. வேலைக்கு வராத கோப்புகளை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பாமல், மேஜையிலேயே இறுக்கிக் கட்டி மூலையில் வைத்துக்கொள்கிறது. சுருக்குவதற்குச் செயலி கொஞ்சம் உழைக்க வேண்டும். ஆனாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நடப்பதைவிட அது பல மடங்கு வேகம். 2 ஜிபிக்காரர்கள் இதைக் கட்டாயம் இயக்கிக்கொள்ள வேண்டும்.

உலாவியில் விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற துணைநிரலைச் சேர்த்தால் பக்கங்களின் கனம் கண்கூடாகக் குறையும். யூடியூப் படம் தட்டித் தட்டி ஓடினால் அதற்கும் காரணம் உண்டு. யூடியூப் இப்போது வி.பி.9, ஏ.வி.1 என்ற புதிய வடிவங்களில் படத்தை அனுப்புகிறது. பழைய செயலிக்கு அவற்றைப் பிரிப்பது பாரம். எச்.264 என்ற பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் துணைநிரல் ஒன்றைப் போட்டு, படத்தின் தரத்தை 480-இல் வைத்தால் பாடம் தடங்கலின்றி ஓடும்.

இவ்வளவும் செய்த பிறகு கொஞ்சம் காசும் செலவழிக்கலாம் என்றால், நேராக எஸ்.பி. ரோடுக்குப் போங்கள். போல்ட்டு, மோட்டார், லேத் சாமான் வாங்க நம் பெரியவர்கள் போன அதே தெருதான். இன்று பாதிக் கடைகளில் கணினி உதிரிப் பாகம். பயன்படுத்திய டி.டி.ஆர்.3 ரேம் அங்கே புதியதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். வாங்குமுன், உங்கள் கணினியில் உள்ள பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் பி.சி.3 என்று இருக்கிறதா, எல் என்ற எழுத்தும் சேர்ந்து பி.சி.3எல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எல் உள்ளது குறைந்த மின் அழுத்தத்தில் ஓடும் வகை. பெரும்பாலும் இரண்டு வகைக் கணினியிலும் ஓடிவிடும். எல் இல்லாததை, எல் கேட்கும் கணினியில் போட்டால் ஓடாமல் போகலாம். கடையிலேயே மாட்டி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் வேகத்தில் இன்னும் பெரிய மாற்றம் தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 2 ஜிபிக்காரர் ரேமையும் 4 ஜிபிக்காரர் எஸ்.எஸ்.டி.யையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

பீன்யா நண்பர் கடைசியில் இதைத்தான் செய்தார். பழைய 4 ஜிபி ரேம் ஒன்றை வாங்கிக் காலியாக இருந்த இரண்டாவது பொந்தில் செருகினார், எம்.எக்ஸ். ஏற்றினார். இப்போது அந்தக் கணினியை வீட்டில் அவரால் தொட முடிவதில்லை. மகள் விட்டால்தானே!

அழிக்குமுன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை ஏற்றாமலே சோதித்துப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நண்பர் ஒருவரின் நல்ல கணினியில் தேவையான கோப்பை இறக்கி, 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய மடிக்கணினியில் அதைச் செருகி, பொத்தானை அமுக்கியதும் எஃப்12-ஐ (ஹெச்.பி.யில் எஃப்9) விடாமல் தட்டினால், எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் திரை வந்துவிடும். உள்ளே இருக்கும் விண்டோஸையும் கல்யாண ஆல்பத்தையும் அது தொடுவதில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வை-பை பிடிக்கிறதா? பிராட்காம் சில்லு உள்ள கணினிகளில் இது தகராறு செய்வதுண்டு. ஒலி வருகிறதா? மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? பென் டிரைவில் ஓடும்போது வேகம் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். திருப்தி என்றால் மட்டும், புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

குமாஸ்தாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேலி விண்டோஸுக்கென்றே செய்தது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. பெங்களூரிலேயே பிறந்த மென்பொருள் அது என்பதால் ஆதங்கம் கூடுகிறது; என்ன செய்ய? ஜி.எஸ்.டி. கணக்கை வீட்டில் வைத்து டேலியில் போடுபவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். பேஜ்மேக்கர், போட்டோஷாப் வேலை செய்பவர்களுக்கும் இதே பேச்சுதான். அச்சுப்பொறிகளில் ஹெச்.பி.யின் பெரும்பாலான வகைகள் எளிதில் ஒத்துப்போகும். நம் ஊர் அலுவலகங்களில் எங்கும் காணும் கேனன் எல்.பி.பி. 2900-ஐ லினக்ஸில் இணைப்பது பொறுமையைச் சோதிக்கும் காரியம். கடிதம், சம்பளப் பட்டியல், எக்ஸெல் கோப்பு ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் தாராளம். 1 ஜிபி கணினியில் அதற்குப் பதில் அபிவேர்டும் க்னூமெரிக்கும் போட்டுக்கொள்ளலாம்.

இங்குள்ள நம் குடும்பங்களுக்கு ஒரு தனி வசதியும் உண்டு. பிள்ளைக்குப் பள்ளியில் கன்னடம், பெற்றோருக்குத் தமிழ். 'ஐபஸ்' என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால், 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையும், கன்னடத்துக்கான கே.ஜி.பி. விசைப்பலகையும் ஒரே கணினியில் இருக்கும். ஒரு விசையைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் கன்னடம். லினக்ஸைத் தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புவோர் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழின் கட்டுரைகளைத் தேடிப் பார்க்கலாம். தொடக்கக்காரர்களுக்குப் புரியும் நடையில் எழுதுகிறார்கள்.

ஏற்றி முடித்ததும் முதல் வேலை, புதுப்பித்தல். சில நூறு மெகாபைட் இறங்கும். பழைய கணினியில் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். பத்து வருஷத்துப் பேட்டரி உயிரோடு இருக்க நியாயமில்லை. நடுவில் மின்சாரம் போனால் பாதிப் புதுப்பித்தலோடு கணினி அணைந்து, மறுபடி துவங்காமல் போகவும் கூடும். மழை மேகம் கூடியிருக்கும் மாலையில் இதைத் தொடங்க வேண்டாம். ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை முதலில் கழற்றி அப்புறப்படுத்துங்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாமலே, நேராகச் சுவர் பிளக்கில் ஓடும்.